முள் இறங்கிய பிறகு

"வண்டி சூடாயிடுச்சுன்னா என்ன செய்வீங்க, மாஸ்டர்?"

மழை வருமா என்று கேட்பதைப் போலத்தான் அண்ணி கேட்டாள். அந்தக் குரலில் அவள் கேட்டால் எதிரில் இருப்பவர் மாட்டிக்கொண்டார் என்று அர்த்தம். அது அவளுடைய கொழுந்தனுக்கு மட்டும் தெரியும். வாய் ஓயாதவன் என்பதால் அவனுக்கு ரேடியோ என்று பெயர். துப்பறியும் தொழிலில் அவன்தான் அவளுக்கு ஒரே உதவியாள். அவன் "அண்ணி, அண்ணி" என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு, வழக்கோடு அவளைத் தேடி வருபவர்களும் அப்படியே கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள்.

அந்த டிரைவிங் ஸ்கூலின் வகுப்பறை சின்னது. நான்கு பெஞ்சு, ஒரு கரும்பலகை, மூலையில் புதிதாக வந்த இரும்பு அலமாரி. சுவர் முழுக்க முதலாளியம்மா தன் கையாலேயே வரைந்து எண் போட்ட படங்கள். சாவி மாட்டும் ஆணி கதவுக்குப் பக்கத்தில் இருந்தது. பெஞ்சுகளில் கற்றுக்கொள்ள வந்த மூன்று பேர்: ஒரு நர்ஸ், ஒரு தையற்காரர், தபால் இலாகாவில் ஓய்வு பெற்ற ஒருவர். அவர்களுக்குக் கற்றுக்கொடுக்கும் மாஸ்டர் பலகைக்கு முன்னால் சாக்பீஸோடு நின்றார்.

"ஹீட்டரப் போடுவேன்" என்றார் மாஸ்டர். "குமிழ முழுசா சிவப்புப் பக்கம் திருப்பி, ஃபேன நாலுல வச்சு, கண்ணாடி எல்லாத்தையும் இறக்கிடுவேன். அப்புறம்..."

"போதும்" என்றாள் அண்ணி.

மாஸ்டர் வாயை மூடிக்கொண்டார்.

"கொதிக்கிற வண்டிக்கு ஹீட்டரா?" என்றான் ரேடியோ. "தீப்பிடிச்ச வீட்டுக்குப் போர்வை போத்தற மாதிரி இருக்கே அண்ணி."

"எல்லாரும் அப்படித்தான் நினைப்பாங்க. அதனாலதான் தெரியாதவங்க கை அந்தக் குமிழ் பக்கமே போகாது." அண்ணி எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள். "எஞ்சின் சூட்டைத் தண்ணிதான் சுமந்துட்டுப் போய் முன்னால இருக்கற ரேடியேட்டர்ல ஆத்திட்டு வருது. ஹீட்டர்ங்கறது வண்டிக்குள்ள இருக்கற குட்டி ரேடியேட்டர். அதத் திறந்து விட்டா சூட்டுல ஒரு பங்கு நம்ம மேல வந்துடும். நமக்கு வேகும், எஞ்சினுக்கு ஆறும்."

நடந்தது இதுதான். பள்ளிக்கு இரண்டு கார்கள். பழைய சிவப்புக் கார் பின்னால் இருக்கும் ஷெட்டில் நிற்கும். செவ்வாய்க்கிழமை பள்ளிக்கு விடுமுறை. மறுநாள் காலையில் மாஸ்டர் சாவியைத் திருப்பியபோது சிவப்புக் கார் அசையவே இல்லை. குழாய் வெடித்து, தண்ணீர் எல்லாம் போய், எஞ்சின் வெந்து இறுகிவிட்டது என்றான் மெக்கானிக். யாரோ செவ்வாய்க்கிழமை அதை வெளியே எடுத்துப்போய், கொன்று, சத்தமில்லாமல் ஷெட்டில் கொண்டுவந்து படுக்க வைத்திருந்தார்கள். அப்போது காருக்குள் குமிழ் கடைசி வரை சிவப்பில் இருந்தது. ஃபேன் நாலில். நான்கு கண்ணாடியும் இறங்கியிருந்தது. அதுவும் இந்த வெயில் காலத்தில். அதனால்தான் முதலாளியம்மா அண்ணியை வரவழைத்து, இப்போது அலமாரியோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

"வண்டிய எடுத்தவருக்கு அந்த வித்தை தெரிஞ்சிருக்கு" என்றாள் அண்ணி. "செவ்வாய்க்கிழமை வீட்டுல தனியா இருந்தேன்னு சொன்னீங்க மாஸ்டர். பாத்தவங்க யாரும் இல்ல. ஆணியில தொங்கற சாவிய தினமும் எடுக்கறது நீங்கதான். வித்தையும் இப்ப உங்க வாயாலேயே வந்துடுச்சு."

"நான் எடுக்கல" என்றார் மாஸ்டர். அவ்வளவுதான் சொன்னார்.

பெஞ்சில் இருந்த மூவரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். தங்களுக்குக் கற்றுக்கொடுக்கும் ஆள் திருடன் என்று கேட்பது, தங்களையே யாரோ அறைந்ததைப் போல அவர்களுக்கு இருந்திருக்க வேண்டும்.

மூலையில் டீ குடித்துக்கொண்டிருந்த முதலாளியம்மாவின் கணவர் டம்ளரோடு எழுந்தார். இன்ஷூரன்ஸ் ஆபீஸில் குமாஸ்தா. இன்றைக்கு லீவு போட்டுவிட்டு வந்திருந்தார். "ஒரு நிமிஷம்... சாவி ஆணியிலதானே தொங்குது. யாரு வேணாலும்..."

"யாரு வேணாலும்னா யாரு? நீங்களா?" என்றாள் முதலாளியம்மா. கோபத்திலும் அவளுக்குச் சிரிப்பு வந்தது. "அண்ணி, இவரு கதை கேளுங்க. கல்யாணமான புதுசுல இவருக்கு வண்டி சொல்லிக் குடுத்தேன். நின்னுக்கிட்டிருந்த பால் வண்டியப் போய் முட்டினாரு. பின்னால பாத்துக்கிட்டே முன்னால ஓட்டினாரு. எங்க போர்டுல என்ன எழுதியிருக்கு? 'யாராக இருந்தாலும் ஒரே மாதத்தில்'. கீழ சின்ன எழுத்துல 'என் வீட்டுக்காரரைத் தவிர'ன்னு எழுதணும். முதல் கிளாஸ்ல பயம் போகணும்னு எல்லாருக்கும் இந்தக் கதையத்தான் சொல்லுவேன்."

தலை குனிந்திருந்தவர்கள்கூடப் பழக்கத்தில் லேசாகச் சிரித்தார்கள். கணவரும் சிரித்தார். சிரிக்க வேண்டிய இடம் அவருக்கு மனப்பாடம். பிறகு உட்கார்ந்துகொண்டார்.

"அந்தச் செவ்வாய்க்கிழமையே விளங்காத நாளும்மா" என்றாள் முதலாளியம்மா. "இங்க வண்டி போச்சு. இவரு ஆபீஸ்ல ஏசி ரிப்பேராம், சட்டையப் பிழிஞ்சா ஒரு சொம்பு வரும், அப்படித் தொப்பலா நனைஞ்சு வந்தாரு." அவள் மாஸ்டர் பக்கம் திரும்பினாள். சிரிப்பு போய்விட்டிருந்தது. "இன்னிக்குச் சாயங்காலத்தோட நின்னுடுங்க, மாஸ்டர். மத்த ஸ்கூல்காரங்க போன் பண்ணிக் கேட்டா நான் மறைக்க மாட்டேன்."

அதற்குப் பிறகு எந்த டிரைவிங் ஸ்கூலிலும் அவருக்கு இடம் கிடைக்காது. மாஸ்டர் சாக்பீஸைப் பலகையின் விளிம்பில் வைத்தார். விரல்களைத் துடைத்துக்கொண்டார். நர்ஸைப் பார்த்து, "நாளைக்கு டெஸ்ட்ல க்ளட்ச் மேலயே கால வச்சுக்கிட்டு இருக்காதம்மா" என்று மட்டும் சொன்னார்.

அண்ணியோடு வெளியே போகும்போது ரேடியோவால் சும்மா இருக்க முடியவில்லை. "மாஸ்டர், இனிமே பஸ்ல போகும்போது ஹீட்டர் கேக்காதீங்க" என்றான்.

யாரும் சிரிக்கவில்லை.

*

அண்ணியின் கார் அண்ணியைவிடக் கொஞ்சம்தான் இளையது. உச்சி வெயிலில் அது ரயில்வே கேட்டில் லாரிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டு உறுமியது.

"என்ன அண்ணி, கேஸ் முடிஞ்சுது, முகம் மட்டும் வேகாத கிழங்கு மாதிரி இருக்கு?"

"அந்த ஆளு எதிர்த்தே பேசலடா."

"தப்பு பண்ணவன் எப்படிப் பேசுவான்?"

"தப்பு பண்ணவன்தான்டா நிறையப் பேசுவான். நம்ம கேஸ்ல எத்தனை பேரப் பாத்திருக்கோம். வேலை போற நேரத்துல எவனாவது அடுத்தவங்க க்ளட்சப் பத்திக் கவலைப்படுவானா?"

ரேடியோ பதில் சொல்ல வாயெடுத்தான். அதற்குள் அவன் கண் டாஷ்போர்டில் நின்றது. வழக்கமாக நடுவில் நிற்கும் சூட்டு முள், நடுவைத் தாண்டி மேலே ஏறிக்கொண்டிருந்தது.

"அண்ணி, உங்க வண்டிக்கும் உங்களை மாதிரியே கோபம் வருது."

"கண்ணாடிய எல்லாம் இறக்கு."

அண்ணி குமிழைச் சிவப்புப் பக்கம் கடைசி வரை திருப்பினாள். ஃபேனை நாலில் வைத்தாள். அடுப்பு வாயைத் திறந்ததைப் போல அனல் அடித்தது. ரேடியோவின் நெற்றியிலிருந்து வேர்வை வழிந்து மூக்கு நுனியில் தொங்கியது.

"மாஸ்டருக்குத் தண்டனை கிடைக்கும்னு நினைச்சேன். இங்க எனக்குக் கிடைக்குது" என்றான். "இட்லிப் பானைக்குள்ள இட்லி எப்படி உக்காந்திருக்கும்னு இன்னிக்குத்தான் தெரியுது."

கேட் திறந்தது. வண்டிகள் நகர்ந்தன. முள் மேலேயே நின்று நடுங்கியது. கொஞ்ச தூரம் போனதும் அது சட்டென்று இறங்க ஆரம்பித்தது. நடுவுக்கு வந்தது. நடுவையும் தாண்டிக் கீழே போனது. அதே நேரத்தில் முகத்தில் அடித்த அனலும் அடங்கி, வெறும் காற்று வந்தது.

"ஆஹா" என்று சாய்ந்து உட்கார்ந்தான் ரேடியோ. "வித்தை வேலை செஞ்சுடுச்சு. முள்ளும் இறங்கிடுச்சு, காத்தும் ஜில்லுனு வருது. மிதிங்க அண்ணி, பசிக்குது."

அண்ணி காற்று வரும் துவாரத்தின் முன்னால் கையை நீட்டினாள். குமிழைப் பார்த்தாள். அது சிவப்பில்தான் இருந்தது.

உடனே வண்டியை ஓரம் கட்டி எஞ்சினை அணைத்தாள்.

"என்னாச்சு? எல்லாம் சரியாயிடுச்சே."

"ஹீட்டர் முழுசாப் போட்டிருக்கு. எஞ்சின் கொதிச்சுக்கிட்டு இருந்துச்சு. அப்புறம் எப்படிடா ஜில்லுனு வரும்? அடுப்பு எரியுது, வெந்நீர் மட்டும் குளிருதுன்னா நம்புவியா?"

பானெட்டைத் திறந்தாள். குப்பென்று ஆவி வந்தது. தடித்த ரப்பர் குழாய் ஒன்று வாய் பிளந்திருந்தது. தண்ணீர் நிற்க வேண்டிய வெள்ளை டப்பா காலி. வந்த வழியெல்லாம் தார் ரோட்டில் ஈரக்கோடு போட்டுக்கொண்டே வந்திருக்கிறார்கள்.

அண்ணி அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"சூட்டை உள்ள கொண்டு வர்றது தண்ணிதான்" என்றாள், தனக்குத்தானே சொல்லிக்கொள்வதைப் போல. "தண்ணி போயிட்டா ஹீட்டர்ல சூடு வராது. முள்ளுக்குச் சேதி சொல்றதும் தண்ணிக்குள்ள முங்கியிருக்கற சின்ன உறுப்புதான். தண்ணி இல்லாம அது வெறும் காத்துல தொங்கினா, முள்ளு கீழ விழுந்துடும். எஞ்சின் மட்டும் எரிஞ்சுக்கிட்டே இருக்கும்."

"அதாவது, காய்ச்சல்காரன் வாயிலேந்து தெர்மாமீட்டரப் பிடுங்கிட்டு, காய்ச்சல் விட்டுடுச்சுன்னு சொல்ற மாதிரி."

"அதேதான். நீ சொன்ன மாதிரி இப்ப நான் மிதிச்சிருந்தா இந்த வண்டியும் சிவப்புக் கார் மாதிரி செத்திருக்கும்."

ரேடியோ வழக்கம்போல் ஏதாவது சொல்லப் பார்த்தான். அண்ணியின் முகத்தைப் பார்த்ததும் விட்டுவிட்டான்.

"டேய், சிவப்புக் காரை ஓட்டினவர் நிறுத்தவே இல்ல. முள்ளு இறங்கினதும் பொழச்சுதுன்னு நினைச்சு ஷெட்டு வரைக்கும் வந்திருக்காரு. வித்தைல பாதிதான் அவருக்குத் தெரியும். நம்மளுக்குத் தெரிஞ்ச மாதிரியே." அவள் நிறுத்தினாள். "மாஸ்டர் ஏதோ சொன்னாருடா. 'கண்ணாடி எல்லாத்தையும் இறக்கிடுவேன். அப்புறம்'னு."

"நீங்க 'போதும்'னீங்க."

"ஆமா. நான்தான் போதும்னேன்."

விசாரணைக்காகக் குறித்து வைத்திருந்த எண்ணில் அவள் நர்ஸுக்குப் போன் செய்தாள். ரேடியோ காதை ஒட்ட வைத்துக் கேட்டான்.

"மாஸ்டர் ஹீட்டரப் பத்தி உங்களுக்கு வேற ஏதாவது சொல்லிக் குடுத்திருக்காராம்மா?"

"இப்ப எதுக்கு?" நர்ஸின் குரல் ஊசி போடுவதைப் போல இருந்தது. "முள்ளு இறங்கினதும் சந்தோஷப்படாதீங்க, காத்துல கைய வச்சுப் பாருங்க, ஜில்லுனு வந்தா தண்ணி இல்லன்னு அர்த்தம், உடனே நிறுத்துங்கன்னு முதல் வாரமே சொன்னாரு. நீங்க அவர முழுசாச் சொல்ல விட்டிருந்தா உங்களுக்கும் சொல்லியிருப்பாரு."

இணைப்பு துண்டிக்கப்பட்டது. அண்ணி போனை இறக்கவில்லை. காதிலேயே வைத்திருந்தாள். அத்தனை பேர் முன்னால் ஒரு மனிதரைத் திருடன் என்று சொல்லியிருக்கிறாள். அவர் குற்றமற்றவர் என்பதற்கான சாட்சி அவருடைய வாய் நுனி வரைக்கும் வந்தது. அதைத் தன் கையாலேயே திருப்பி உள்ளே தள்ளியிருக்கிறாள். காது மடல் சூடானது. வெயிலால் அல்ல.

"அண்ணி, அந்த பஸ் ஜோக்க நான் சொல்லியிருக்கக் கூடாது" என்றான் ரேடியோ, மெதுவாக.

"நீ ஜோக்குதான் சொன்னே. நான் தீர்ப்பே சொல்லிட்டேன்."

அவள் அவனைத் திரும்பிப் பார்த்தாள். பார்த்தவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவன் சட்டை முதுகிலும் மார்பிலும் ஒட்டியிருந்தது. சட்டை நுனியிலிருந்து சொட்டியது.

"ஏன் இப்படிப் பாக்கறீங்க? நான் ஒண்ணும் பண்ணல."

"உன் சட்டையப் பிழிஞ்சா எவ்வளவு வரும்?"

"ஒரு சொம்பு..." என்று ஆரம்பித்த ரேடியோ நிறுத்தினான்.

இன்ஷூரன்ஸ் ஆபீஸின் எண்ணைத் தேடுவது கஷ்டமாக இல்லை. ரேடியோ தொண்டையைக் கனைத்துக்கொண்டு, தன் குரலில் பத்து வயதைக் கூட்டினான்.

"வணக்கம்மா, ஏசி சர்வீஸ்லேந்து பேசறோம். செவ்வாய்க்கிழமை உங்க ஆபீஸ்ல ஏசி நின்னு போச்சுன்னு புகார்."

"எங்க ஏசியா?" என்றது ஒரு பெண்குரல். "செவ்வாய்க்கிழமை நான் சால்வை போத்திக்கிட்டு உக்காந்திருந்தேன். அதக் கொஞ்சம் நிறுத்த முடியுமான்னுதான் வந்து பாக்கணும் நீங்க."

"அப்படியா? டிரைவிங் ஸ்கூல் மேடத்தோட வீட்டுக்காரர் சொன்னதா..."

"அவரா? அவரு செவ்வாய்க்கிழமை லீவாச்சே. இன்னிக்கும் லீவுதான்."

ரேடியோ போனை வைத்தான். "ஆனா அண்ணி, அவருக்கு வண்டியே ஓட்டத் தெரியாதே. பால் வண்டி கதை ஊருக்கே தெரியும்."

"எப்படி ஓட்டினாருன்னு அவர்தான் சொல்லணும். வித்தைல பாதி எங்கேந்து வந்துச்சுன்னு நான் சொல்றேன். அந்தச் சுவத்துல ஆறாவது படம் என்ன?"

"சூட்டு முள்ளும் சிவப்புக் குமிழும். அதுக்குக் கீழ வரிசை மாறி, எட்டாவது படம், டயர்."

"ஏழாவது?"

ரேடியோ யோசித்தான். "ஆறுக்குப் பக்கத்துல புது இரும்பு அலமாரி நிக்குது" என்றான்.

*

வண்டியை மெக்கானிக்கிடம் விட்டுவிட்டு பஸ்ஸில் போனார்கள். ரேடியோ ஹீட்டர் கேட்கவில்லை.

முதலாளியம்மா தானே பாடம் நடத்திக்கொண்டிருந்தாள். மூன்று மாணவர்களும் அவளைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைசி பெஞ்சில் மாஸ்டர் தன் பொருட்களைத் துணிப்பையில் எடுத்து வைத்துக்கொண்டிருந்தார். முதுகுக்கு வைக்கும் மெத்தைத் துண்டு, ஒரு துண்டு, கண்ணாடி துடைக்கும் பழைய பனியன். கணவர் காலையில் இருந்த அதே இடத்தில், அதே டம்ளரோடு இருந்தார். டீ குடிக்கப்படாமல் ஆடை கட்டியிருந்தது.

அண்ணி நேராக மாஸ்டர் முன்னால் போய் நின்றாள்.

"மாஸ்டர், வண்டிய எடுத்தது நீங்க இல்ல. காலைல நான் சொன்னது தப்பு. நீங்க 'அப்புறம்'னு ஆரம்பிச்சீங்க. கேட்டிருந்தா அப்பவே தெரிஞ்சிருக்கும். கேக்கல. இவங்க முன்னாடி சொன்னேன், அதனால இவங்க முன்னாடியே மன்னிப்பு கேக்கறேன்."

மாஸ்டர் பனியனை மடித்துப் பையில் வைத்தார்.

"என்னம்மா இது, காலைல ஒண்ணு, மத்தியானம் ஒண்ணு?" என்றாள் முதலாளியம்மா.

"அந்த அலமாரிய நகத்தணும்" என்றாள் அண்ணி.

ரேடியோவும் தையற்காரரும் தள்ளினார்கள். தரையில் கிறீச்சென்று இழுபட்டு அலமாரி விலகியது. சுவரில் ஏழாவது படம் தெரிந்தது. காற்று வரும் துவாரத்தின் முன்னால் ஒரு கை. கீழே முதலாளியம்மாவின் வட்டமான எழுத்து: 'முள் இறங்கினால் மகிழாதே. காற்று குளிர்ந்தால் தண்ணீர் இல்லை. நிறுத்து.'

"அட, இது மறைஞ்சு போச்சா?" என்றாள் முதலாளியம்மா. "போன மாசம் அலமாரி வந்தப்ப வச்சது. நான் கவனிக்கவே இல்ல. ஆனா நாங்க வாயால சொல்லிக் குடுத்துடுவோமே."

"ஆமா. கிளாஸ்ல கத்துக்கிட்டவங்களுக்கு ரெண்டு பாதியும் தெரியும். காலைல நான் சொன்னதெல்லாம் பாதிதான். வண்டிய எடுத்தவரும் பாதிதான் படிச்சிருக்காரு. கிளாஸ்ல இல்ல, சுவத்துல."

கணவரின் டம்ளர் பெஞ்சில் தட்டி ஒலித்தது.

அண்ணி அவர் பக்கம் திரும்பினாள். காலையில் இருந்த குரல் இப்போது அவளிடம் இல்லை. "சார், கொஞ்சம் வெளிய வர்றீங்களா? உங்ககிட்ட தனியாப் பேசணும்."

"வேணாம்மா" என்றார் அவர். எழுந்தார். "அவர எல்லார் முன்னாலயும் சொன்னீங்க. என்னையும் எல்லார் முன்னாலயும் சொல்லுங்க. இல்ல, நானே சொல்லிடறேன். வண்டிய எடுத்தது நான்தான்."

முதலாளியம்மா சிரித்தாள். வேறு யாரும் சிரிக்காததைப் பார்த்து நிறுத்தினாள். "நீங்களா? எதுக்கு?"

"பக்கத்து ஊர்ல எனக்கு டெஸ்ட் இருந்துச்சு."

"டெஸ்ட்டா?" அவள் முகம் வெளுத்தது. "உடம்புக்கு என்ன? எங்கிட்ட ஏன் சொல்லல?"

"உடம்புக்கு ஒண்ணும் இல்ல. லைசென்ஸ் டெஸ்ட்."

முதலாளியம்மா கையிலிருந்த சாக்பீஸைப் பலகையின் விளிம்பில் வைத்தாள்.

"அங்க ஒரு ஸ்கூல்ல கத்துக்கிட்டேன். ஆபீஸ் விட்டதும் போவேன். ஓவர்டைம்னு சொன்னதெல்லாம் அதுதான்." அவர் மனைவியைப் பார்க்காமல் சாவி தொங்கும் ஆணியைப் பார்த்துப் பேசினார். "ஏற்கெனவே நாலு தடவை போயிட்டு வந்தேன். நாலும் ஃபெயில். அஞ்சாவது தடவை அவங்க வண்டி பிரேக் வேலைக்குப் போயிடுச்சு. அன்னிக்கு விட்டா மறுபடி மொதல்லேந்து. அதான் ஆணியிலேந்து சாவிய எடுத்துட்டேன். லைசென்ஸ் இல்லாம தனியா ஓட்டிட்டுப் போனேன். அதுவும் தப்புதான்."

"பாஸா?" என்றான் ரேடியோ. வாய் அவனை மீறிவிட்டது.

"பாஸ்" என்றார் அவர்.

சந்தோஷமான அந்தச் சொல்லுக்கு அந்த அறையில் உட்கார இடம் இல்லை. யாரும் கை தட்டவில்லை.

"திரும்பி வரும்போது முள்ளு ஏறுச்சு. இந்தப் படம் ஞாபகம் வந்துச்சு. சாயங்காலம் கிளாஸ் முடிஞ்சப்புறம் இங்க உக்காந்து படமெல்லாம் பாப்பேன். குமிழத் திருப்பினேன். வெந்து போனேன். அப்புறம் முள்ளு இறங்குச்சு, காத்தும் ஜில்லுனு வந்துச்சு. நாமளும் ஒரு டிரைவர் ஆயிட்டோம், வண்டிய நாமளே காப்பாத்திட்டோம்னு நினைச்சேன்." அவர் குரல் தேய்ந்தது. "பாட்டுகூடப் பாடினேன்."

"இங்கயே சொல்லிக் குடுக்கறோம். அங்க எதுக்குப் போனீங்க?" என்றாள் முதலாளியம்மா. கேட்டு முடிக்கும் முன்பே அவளுக்குப் பதில் தெரிந்துவிட்டது. ஒவ்வொரு முதல் வகுப்பிலும் தான் சொல்லும் பால் வண்டி கதை அவள் காதில் அவள் குரலிலேயே கேட்டது. அவள் கை தானாகப் புடவைத் தலைப்பைத் தேடியது.

"காலைல சொல்லலாம்னுதான் எழுந்தேன். எல்லாரும் சிரிச்சீங்க, உக்காந்துட்டேன்." கணவர் உடனே தலையை ஆட்டினார். "இல்ல, அது சாக்கு. சிரிச்சா என்ன, சொல்லியிருக்கணும். ஒருத்தருக்கு என் கண்ணு முன்னால வேலை போச்சு. நான் டீ டம்ளரப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். மாஸ்டர், உங்க முகத்தப் பாக்க எனக்கு யோக்கியதை இல்ல."

அவர் தலையைத் தொங்கப் போட்டார். முதலாளியம்மாவும் தரையைப் பார்த்தாள். மூன்று மாணவர்களும் காலையில் மாஸ்டரைச் சந்தேகித்ததை நினைத்தோ என்னவோ, குனிந்தே இருந்தார்கள். ரேடியோ தன் செருப்பை ஆராய்ந்துகொண்டிருந்தான். அண்ணியின் கண் ஏழாவது படத்துக்குக் கீழே எங்கோ இருந்தது.

மாஸ்டர் துணிப்பையின் வாயைச் சுருக்கினார். கதவு வரைக்கும் நடந்தார். அங்கே நின்று திரும்பினார்.

"மேடம், நான் நாளைக்கு வரணுமா, வேணாமா?"

"வரணும்" என்றாள் முதலாளியம்மா. "என்ன முகத்தோட கேக்கறதுன்னு தெரியல மாஸ்டர். ஆனா வரணும்."

"அதான் கேட்டேன்." அவர் பையைக் கதவோரத்தில் வைத்தார். "காலைல என்னத் திருடன்னு சொன்னப்ப வலிச்சுது. இல்லன்னு சொல்ல மாட்டேன். நாளைக்கும் வலிக்கும். ஆனா நான் தலையக் குனியல, ஏன்னா நான் எடுக்கல. இப்ப பாத்தா இந்த ரூம்ல இருக்கற அத்தனை பேரும் குனிஞ்சிருக்கீங்க. யாராவது ஒருத்தர் நிமிருங்க. இந்தம்மாவுக்கு நாளைக்கு டெஸ்ட். பாடம் பாதில நிக்குது."

முதலில் நர்ஸ் நிமிர்ந்தாள். பிறகு தையற்காரர், தபால் இலாகாக்காரர்.

மாஸ்டர் சாக்பீஸை எடுத்தார். கணவர் வெளியே போகத் திரும்பினார். மாஸ்டர் அவர் முகத்தைப் பார்க்காமலே, "பாஸாயிட்டா மட்டும் போதாது சார், அந்தக் கடைசி பெஞ்சுல உக்காருங்க" என்றார். கணவர் உட்கார்ந்தார். முதலாளியம்மா சற்று நேரம் நின்றாள். பிறகு தன் கணவருக்குப் பக்கத்தில், மாணவியைப் போல ஒதுங்கி உட்கார்ந்துகொண்டாள்.

"அண்ணி, போலாமா?" என்று கிசுகிசுத்தான் ரேடியோ. "நாம இருக்கறது அவருக்கு..."

"இரு."

"அதான் நமக்குத் தெரிஞ்சுடுச்சே."

"தெரிஞ்சாலும் இரு."

அவள் உட்காரவில்லை. கதவோரத்தில், மாஸ்டரின் பைக்குப் பக்கத்தில், ஓர் ஓரமாக நின்றாள்.

மாஸ்டர் பலகையில் ஒரு முள் வரைந்தார். அதற்குப் பக்கத்தில் ஒரு குமிழ். "குமிழ முழுசா சிவப்புப் பக்கம் திருப்பணும். ஃபேன நாலுல வைக்கணும். கண்ணாடி எல்லாத்தையும் இறக்கணும்" என்றார். ஒரு கணம் நிறுத்தினார். கதவுப் பக்கம் பார்த்தார்.

அண்ணி வாயைத் திறக்கவில்லை.

"அப்புறம்" என்றார் மாஸ்டர்.